வன்னிச் சிறுசஞ்சிகை ஒன்றின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்து வந்த சிறுசஞ்சிகைகளைப் பற்றிய கட்டுரைகள் பலவும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகின்றன: "போர்ச் சூழல் காரணமாகத் தொடர்ந்து வெளிவர முடியாமற் போனது." அது பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவருவதுமில்லை. கடதாசி கிடைக்கவில்லையா? அச்சகம் இடம்பெயர்ந்ததா? ஆசிரியர் மல்லாவியிலும் அச்சுக்கோப்பவர் புதுக்குடியிருப்பிலுமாக அகப்பட்டுக்கொண்டார்களா? கைக்காசு தீர்ந்ததா? ஆசிரியர் குழுவுக்குள் மனக்கசப்பா? ஆறாம் இதழுக்கும் ஏழாம் இதழுக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் ஏன் போனது என்று சொல்ல முடியாதவரைக்கும் வரலாறு எழுதப்படவில்லை. அஞ்சலிக் குறிப்புத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பத்து முதல் நாற்பது இதழ் வரை வந்து நின்றுபோன ஒரு தனியார் சஞ்சிகையை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஆசிரியர், அவருக்கு இரண்டு மூன்று நண்பர்கள், ஒரு சிறு அச்சகம், கைக்குக் கை போன விற்பனை என்பதுதான் அதன் அமைப்பு. பெரிய நிறுவனம் நடத்திய இதழுக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் அதற்குக் கணக்குப் புத்தகமும் கோப்பும் இருக்கும். இங்கே இதழ்தான் ஒரே கோப்பு.

முதலில் அட்டவணை

கட்டுரையின் முதல் வரியை எழுத முன்னர் இதழ் அட்டவணை ஒன்று வேண்டும். ஒரு இதழுக்கு ஒரு வரிசை. கணினியில் செய்தாலும் சரி, நீளக் கொப்பியில் கோடு கீறிச் செய்தாலும் சரி, நிரல்களை இடையில் மாற்றாதீர்கள். குறைந்தது இவ்வளவும் இருக்க வேண்டும்: இதழ் எண் (அச்சிட்டபடியே), அச்சிட்ட மாதமும் வருடமும், நீங்கள் நிறுவிய உண்மையான மாதம், பக்க எண்ணிக்கை, நீள அகலம் மில்லிமீற்றரில், கடதாசி வகை, அச்சு முறை, விலை, ஆசிரியர் பெயர், தொடர்பு முகவரி, அச்சகத்தின் பெயரும் ஊரும், அட்டைப்படம் வரைந்தவர், விளம்பரம் தந்த கடைகள், இந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது, பிரதியில் என்ன குறை.

அச்சிட்டதையும் நீங்கள் ஊகித்ததையும் ஒரே நிரலில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. இதழில் "இதழ் 5" என்று இருந்து, நீங்கள் அதை ஆறாவது என்று கருதினால், 5 என்றே எழுதிப் பக்கத்து நிரலில் உங்கள் கருத்தைப் போடுங்கள். சிறுசஞ்சிகைகளின் எண் வரிசை ஒருபோதும் ஒழுங்காக இருப்பதில்லை. ஒரே இதழில் "7–8" என்று இரட்டை எண் வரும். இடம்பெயர்ந்து போன ஊரில் "புதிய தொடர், இதழ் 1" என்று மறுபடி தொடங்கும். அச்சுக்கோப்பவர் போன இதழின் தலைப்புக் கட்டையை எடுத்து வைத்துவிட்டு எண்ணை மாற்ற மறந்திருப்பார், ஆகவே இரண்டு இதழுக்கும் ஒரே எண். இதில் எது நடந்தது என்பதை உள்ளடக்கத்தை வைத்துத்தான் தீர்மானிக்கலாம். தொடர்கதையின் அத்தியாய எண் நம்பகமான சாட்சி. ஆசிரியர் தன் எண்ணை மறந்தாலும் தொடர் எழுதியவர் தன் அத்தியாயத்தை மறக்க மாட்டார்.

பக்கத்தை எண்ணுகிறபோது ஒரு சிறு விதி கைகொடுக்கும். நடுவில் கம்பி குத்திய சஞ்சிகையில் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் இருக்க முடியும், ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம் வருவதால். 46 பக்கம் என்று எண்ணிக்கை வந்தால் ஒரு ஒற்றை (இரண்டு பக்கம்) கிழிந்திருக்கிறது. 44 வந்து, மற்ற இதழ்கள் எல்லாம் 48 ஆக இருந்தால் நடுத்தாளைப் பாருங்கள். முதலில் கழன்று விழுவது அதுதான். 22ஆம் பக்கத்தில் நிற்கும் கவிதை 27ஆம் பக்கத்தில் வேறொன்றாகத் தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. உள் அட்டையையும் சேர்த்து எண்ணினார்களா, விட்டுவிட்டு எண்ணினார்களா என்பதை ஒவ்வொரு இதழுக்கும் தனியாகக் குறியுங்கள்.

பிரதிகள் எங்கே இருக்கும்

ஆசிரியரிடம் முழுத் தொகுப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2008இல் முழங்காவில், ஜெயபுரம், அக்கராயன் பக்கமிருந்து வெளிக்கிட்டுக் கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் புத்தகத்தைக் காவிக்கொண்டு போகவில்லை. சிலர் றங்குப் பெட்டியில் போட்டு உரப்பையால் சுற்றித் தாட்டுவிட்டுப் போனார்கள். அதில் மீண்டது கொஞ்சம். ஆகவே வன்னிச் சஞ்சிகையின் பிரதிகளை வன்னிக்கு வெளியேதான் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும்.

மாற்றுப் பிரதி போன இடங்களில் தொடங்குங்கள். சிறுசஞ்சிகை நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் பிரதி அனுப்புவது வழக்கம். யாழ்ப்பாணம், கொழும்பு, மட்டக்களப்பு, திருகோணமலை ஆசிரியர்களின் வீட்டு அலுமாரிகளில் உங்கள் சஞ்சிகை இருக்கக்கூடும். அடுத்தது சந்தாக்காரர்கள்: பாடசாலை ஆசிரியர்கள், கிராம அபிவிருத்திச் சங்க வாசிகசாலைகள், தபால் கந்தோரில் வேலை செய்தவர்கள். மூன்றாவது புலம்பெயர்ந்த உறவினர்கள். பொதிக்குள் கடிதத்தோடு ஒரு பிரதி போயிருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் இதழ்ப் பிரிவைக் கேளுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. தேடும்போது பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கும் போயிருக்கலாம் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுவதில் நட்டமில்லை.

பிரதியே கிடைக்காத இதழுக்கும் தடயம் உண்டு. மற்றச் சஞ்சிகைகளில் தங்களுக்கு வந்த இதழ்களைப் பட்டியலிடும் "வரப்பெற்றோம்" பகுதியையும் வாசகர் கடிதங்களையும் நூல் அறிமுகப் பக்கங்களையும் புரட்டுங்கள். டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னர் கொழும்புக்குக் கொண்டுபோன மல்லிகை போல நீண்டகாலம் வந்த ஒரு இதழில் உங்கள் சஞ்சிகையின் பெயரும் இதழ் எண்ணும் ஒரு வரியில் வந்திருந்தாலும், உங்களுடைய அந்த இதழ் அந்த மாதத்துக்கு முதல் வெளிவந்துவிட்டது என்பதற்கு அது உறுதியான சான்று. ஞாயிறு வீரகேசரி, தினக்குரல், உதயன் ஆகியவற்றின் இலக்கியப் பக்கங்களும் இப்படித்தான் உதவும்.

யாரிடமும் மூலப் பிரதியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர் அவர். ஸ்கானரையோ கைத்தொலைபேசியையோ அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே படியெடுங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் என்னென்ன இதழ், எந்த நிலையில், எப்போது திருப்பித் தருவது என்று இரண்டு பிரதியில் எழுதிக் கையெழுத்திட்டு ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

இது எந்த மாதத்து இதழ்?

பிழைகள் கூடுதலாக நடக்கிற இடம் இது. இலங்கைத் தமிழில் தை என்று அச்சிட்டால் அநேகமாக ஜனவரி, ஆடி என்றால் ஜூலை, புரட்டாதி என்றால் செப்ரெம்பர். ஆங்கில மாதத்துக்கு நேரான பெயராகத்தான் எங்கள் பத்திரிகைகள் இவற்றைப் பாவித்தன. பஞ்சாங்கப்படி ஆடி ஜூலை நடுப்பகுதியில் பிறந்து ஓகஸ்ட் நடுவில் முடியும். "ஆடி 1998" என்று அட்டையில் கண்டதும் எது என்று முடிவெடுக்க முன்னர், உள்ளே ஏதாவது திகதி இருக்கிறதா பாருங்கள். "ஆடி–ஆவணி" என்று இரட்டை மாதம் போட்ட இதழில், பெரும்பாலும் முதல் மாதம் தவறிப்போய் இரண்டாம் மாதத்தில் வந்திருக்கும்.

தமிழ் வருடப் பெயர் மட்டும் போட்டிருந்தால் சித்திரைப் புத்தாண்டுக் கணக்கு: யுவ 1995–96, தாது 1996–97, ஈஸ்வர 1997–98, வெகுதானிய 1998–99, பிரமாதி 1999–2000, விக்கிரம 2000–01, விஷு 2001–02, சித்திரபானு 2002–03. திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழியுங்கள். 2030 என்றால் 1999. அந்த ஆண்டு தைப்பொங்கலில் பிறப்பதால் ஜனவரி முதற்பாதி மட்டும் முந்திய ஆண்டோடு சேரும்.

கூட்ட அறிவித்தலில் நேரத்தைப் பாருங்கள். 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. "மாலை 3.30, பழைய நேரம்" என்று ஒரு நூல் வெளியீட்டு அறிவித்தல் சொன்னால் அந்த இதழ் அந்தப் பத்து வருடத்துக்குள் அடங்கும். வவுனியா நகரத்தவரையும் எதிர்பார்த்த கூட்டம் என்றால் இரண்டு நேரத்தையும் போட்டிருப்பார்கள்.

முகவரியும் பேசும். கிளிநொச்சி முகவரியோடு வந்த சஞ்சிகை 1996 பிற்பகுதியில் மல்லாவி, ஸ்கந்தபுரம் அல்லது புதுக்குடியிருப்பு முகவரிக்கு மாறினால் காரணம் தேட வேண்டியதில்லை: அந்த வருடம் செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. அஞ்சலிக் குறிப்புகள், பரீட்சைப் பெறுபேறு வாழ்த்துகள், ஆலய உற்சவ விளம்பரங்கள் எல்லாம் திகதி காட்டுபவை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டி வருவது. அதற்கு வாழ்த்து விளம்பரம் போட்ட இதழ் ஆவணியில் அச்சானதாக இருக்க முடியாது.

அட்டைத் திகதியும் வெளிவந்த நாளும் வேறு. கடைசியாகக் கோத்த பக்கம் எது என்று கண்டுபிடித்தால் வெளிவந்த நாளை நெருங்கலாம். ஆசிரியர் தலையங்கமும் அட்டையின் உட்பக்கமும் பெரும்பாலும் கடைசியாகத்தான் அச்சுக்குப் போகும்.

கடதாசியையும் மையையும் வாசித்தல்

தொண்ணூறுகளில் வன்னிக்குள் எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. தேசிய மின்வழங்கல் இல்லை. கடதாசி கிடைத்ததைக் கொண்டுதான் வேலை நடந்தது. ஆகவே கடதாசி மாறிய இடமெல்லாம் ஒரு செய்தி. கொப்பித் தாளில், கோட்டுக்கு மேலேயே அச்சடித்திருந்தால் அதை "தரமற்ற தாள்" என்று எழுதிக் கடந்துபோகாதீர்கள். எந்த இதழில் தொடங்கி எந்த இதழில் முடிகிறது, இதழின் நடுவில் நிறம் மாறுகிறதா, ஒரே இதழின் இரண்டு பிரதிகள் இரண்டு வகைத் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது கண்ணில் பட்டால், அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே தாள் தீர்ந்து வேறு தாள் வாங்கியிருக்கிறார்கள்.

அச்சு முறையைக் கண்டுபிடிக்க விரல் போதும். தாளின் பின்புறத்தைத் தடவினால் எழுத்து புடைத்திருந்தால் ஈய எழுத்து அச்சு. ஒரே உடைந்த எழுத்து, உதாரணத்துக்குக் கால் முறிந்த ஒரு "ழ", பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். பழைய வடிவ லை, ணை, னை எழுத்துகளைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும் எங்கள் அச்சகங்களில் பழைய வார்ப்பு தேயும்வரை ஓடியது. ஒரே பக்கத்தில் பழைய லையும் புதிய லையும் கலந்து வந்தால் எழுத்துப் பெட்டியில் பற்றாக்குறை. சிறு அச்சகத்தில் முழு இதழையும் ஒரேயடியாகக் கோக்க ஈயம் போதாது. ஒரு பாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்கள்) கோத்து, அடித்து, எழுத்தைக் கலைத்துப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் அடுத்த பாரம். அதனால்தான் முற்பக்கத்தில் விட்ட பிழைக்குப் பின்பக்கத்தில் "திருத்தம்" வருகிறது. இதைத் தெரியாமல் கவனக்குறைவு என்று எழுதுவது அச்சுக்கோப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

மெழுகுத் தாளில் வெட்டிப் பிரதியெடுக்கும் றோனியோவில் எழுத்து விளிம்பு மென்மையாக, மை தாளுக்குள் ஊறியபடி இருக்கும். மெழுகுத் தாள் கிழிந்த இடத்தில் கறுப்புத் திட்டு விழும். ஒஃப்செற்றில் புடைப்பே இருக்காது. நிழற்பிரதியில் மை தாளின் மேல் ஒட்டிப் பளபளக்கும், மடிப்பில் உதிரும். 2002 ஏப்ரலில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதி திறந்தபின் வந்த இதழ்களில் கணினி எழுத்து, பல நிற அட்டை, வவுனியா அல்லது யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு அச்சக முகவரி என்று ஒரு பாய்ச்சல் தெரியக்கூடும். 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டதும் அது எப்படித் திரும்பிச் சுருங்கியது என்பதையும் அதே அக்கறையோடு பாருங்கள். முதற்பாதியை மட்டும் எழுதுகிறவர்கள் அதிகம்.

இடப்பெயர்வு வரைபடத்தை இதழ்மேல் வைத்தல்

ஒரு நீளத் தாளில் மேலே வருடங்களைப் போடுங்கள். அதன் கீழ் இதழ்கள் வந்த மாதங்களைப் புள்ளியாக. அதற்கும் கீழ் இவற்றை: 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாணத்து வலிகாமம் இடப்பெயர்வும் அதன்பின் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்த எழுத்தாளர்களும், 1996 செப்ரெம்பர் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது, 1997 மே தொடங்கிய இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையோடு ஓமந்தை, நெடுங்கேணி, புளியங்குளம் மக்கள் பெயர்ந்தது, 1998 செப்ரெம்பர் கிளிநொச்சி புலிகளிடம் மீண்டது, 1999 நவம்பர் ஒட்டுசுட்டானும் மாங்குளமும் அப்படியே மீண்டது, 2002 பெப்ரவரி போர்நிறுத்தம், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது, 2006 ஓகஸ்ட் பாதை மூடல், 2009 ஜனவரி 2 கிளிநொச்சி மறுபடி இராணுவத்திடம் போனது, 2009 மே போர் முடிந்தது.

இப்போது புள்ளிகள் எங்கே நெருங்கி இருக்கின்றன, எங்கே இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். எதிர்பார்க்காத இடங்கள்தான் முக்கியம். இடப்பெயர்வின் உச்சத்தில் மாதம் தவறாமல் வந்து, சமாதான காலத்தில் ஒன்றரை வருடம் நின்றுபோன சஞ்சிகை இருந்தால் "போர்ச் சூழல்" என்ற விளக்கம் அங்கேயே உடைகிறது. பாதை திறந்ததும் எழுதியவர்கள் யாழ்ப்பாணம் திரும்பினார்களா? கொழும்பு இதழ்கள் தாராளமாக வந்து வாசகரை இழுத்துக்கொண்டனவா? ஆசிரியருக்கு வேறு வேலை கிடைத்ததா? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் ஆட்களிடம் போக வேண்டும். ஒழுங்கீனம் சிறுசஞ்சிகைக்கு இயல்பு என்பதையும் மறவாதீர்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அலை என்ற சஞ்சிகை 1975 முதல் 1990 வரை வந்தும் 35 இதழ்தான். எல்லா இடைவெளிக்கும் குண்டுதான் காரணம் என்று வைத்தால் பணமும் சோம்பலும் கோபதாபமும் வரலாற்றிலிருந்து தப்பிவிடும்.

வவுனியா நகரச் சஞ்சிகைக்கு இந்த வரைபடம் வேறு. நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கே கடதாசித் தட்டுப்பாட்டைவிடப் பாஸ் (பயண அனுமதி) நடைமுறை, சோதனைச் சாவடி, வடக்கே பிரதி கொண்டுபோக முடியாமை ஆகியவை பெரிய சிக்கல்கள். கட்டுப்பாட்டு எல்லை இருந்த ஓமந்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்த இரண்டு சஞ்சிகைகளை ஒரே பந்தியில் "வன்னிச் சஞ்சிகைகள்" என்று கட்டிப்போடாதீர்கள்.

சுயாதீனம் என்ற சொல்லை அட்டையில் கண்டதும் நம்பிவிடவும் வேண்டாம், சந்தேகித்துத் தள்ளிவிடவும் வேண்டாம். கடதாசிக்கு யார் காசு கொடுத்தது, அச்சகம் யாருடையது, விளம்பரம் கடைகளிலிருந்து வந்ததா நிறுவனங்களிலிருந்தா, ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? நாலுக்கும் பதில் எழுதி வாசகர் முன் வையுங்கள். முடிவை அவர்கள் எடுப்பார்கள்.

ஆட்களிடம் கேட்டல்

ஆசிரியரைக் கடைசியாகச் சந்தியுங்கள். முதலில் அச்சகத்தில் நின்றவர், பிறகு சைக்கிளில் பிரதி கொண்டுபோய்க் கடைகளில் போட்டவர், பிறகு எழுதியவர்கள், பிறகு வாசகர். ஆசிரியர் எல்லோரிலும் நன்றாகக் கதைப்பார். பலதரம் சொல்லிச் சொல்லி அவருடைய கதை உறைந்தும் போயிருக்கும். மற்றவர்களிடம் கேட்ட விவரங்களோடு போனால்தான் அந்த உறைவு இளகும்.

"அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுப் பேச்சுத்தான் கிடைக்கும். இதழைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: "இந்த அட்டைக்குக் கட்டை வெட்டியது ஆர் அண்ணை? இந்தத் தாள் எங்க வாங்கினது? எத்தனை பிரதி அடிச்சீங்கள், எத்தனை திரும்பி வந்தது? மோட்டருக்கு மண்ணெண்ணெய் எப்படிக் கிடைச்சது?" பொருளைத் தொட்டவுடன் ஞாபகம் வேறு மாதிரி வேலை செய்யும். பிரதி எண்ணிக்கையை மட்டும் ஒருவர் சொன்னதாக எழுதாதீர்கள். ஆசிரியர் சொல்வது கூடும், அச்சகத்தார் சொல்வது குறையும். இரண்டையும் போடுங்கள்.

ஒலிப்பதிவைச் சுருக்காத வடிவில் எடுங்கள், 44.1 கிலோஹேட்ஸ், 16 பிற், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 320 மெகாபைற். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைபேசியை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள். எழுத்தாக்க ஒரு மணித்தியாலப் பதிவுக்கு நாலு முதல் ஆறு மணித்தியாலம் பிடிக்கும்; அதை முதலே கணக்கில் எடுங்கள்.

புனைபெயர் விடயத்தில் அவசரம் கூடாது. யார் எந்தப் பெயரில் எழுதினார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம், ஆனாலும் அச்சில் வருவது வேறு. எழுதியவர் உயிரோடிருந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் குடும்பத்திடம் கேளுங்கள். அவரைப் பற்றி இறந்தகாலத்தில் எழுதுவதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். சம்மதத் தாளில், பின்னர் மனம் மாறினால் எந்தக் கட்டம் வரை விலக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கட்டும். சந்தாக்காரர் பட்டியல் கையில் கிடைத்தால் எண்ணிக்கையையும் ஊர்களையும் மட்டும் பாவியுங்கள், பெயர்களை வெளியிடாதீர்கள்.

பிரதியைக் கையாளுதல்

ஈரமாகவோ பூஞ்சணம் பிடித்தோ வந்த இதழை வெயிலில் போடாதீர்கள். தாள் சுருண்டு மை வெளிறும். நிழலில், காற்றோட்டத்தில், ஒற்றைகளுக்கு இடையில் அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, தாள் நனைய நனைய மாற்றி உலர்த்துங்கள். உலர்ந்த பின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியிலே வைத்து மென்மையான தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டுங்கள். பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில், மறை 18 பாகை செல்சியஸில் (-18°C) இரண்டு கிழமை வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் தாளில் நீர் படியும்.

துருப்பிடித்த கம்பியை இழுக்கக் கூடாது. இதழை நடுவில் விரித்து, மடிந்த இரண்டு கால்களையும் மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாகத் தள்ளி எடுங்கள். பிறகு பழைய இரண்டு துளைகளோடு நடுவில் ஒன்று சேர்த்து, மூன்று துளையில் வெள்ளைப் பருத்தி நூலால் தையுங்கள். நூல் இதழின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும்.

செலோரேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பிசின் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லமினேற் பண்ணுவது அதைவிடக் கேடு. அன்பினாலேயே அழிந்துபோன முதலாம் இதழ்கள் பல உண்டு. நிழற்பிரதி இதழ்களைச் சாதாரண பிவிசி உறையில் போட்டால் மை உறையில் ஒட்டிக்கொண்டு போய்விடும். கடதாசி உறை போதும். கிழிசலை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் கோதுமை மாப்பசையை நீர்த்தாகக் காய்ச்சி, மெல்லிய கடதாசித் துண்டால். பசை கூடினால் பூச்சிக்கு விருந்து. வைக்கும் பெட்டி நிலத்தில் இருந்து ஒரு அடியாவது உயர்ந்து, சுவரில் முட்டாமல் இருக்கட்டும், கறையானுக்காக.

ஸ்கான் பண்ணும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், நிறத்தில், சுருக்காத ரிஃப் (TIFF) வடிவில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கொப்பித் தாளின் கோடும் எழுத்தும் ஒன்றாகிவிடும். தாளின் நிறம் என்ற சான்றும் போய்விடும். ஏ5 அளவுப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 13 மெகாபைற். அட்டையோடு 52 பக்கம் என்றால் இதழுக்கு 680 மெகாபைற் வரும், இருபத்தைந்து இதழுக்கு 17 கிகாபைற். கோப்புப் பெயரை எண்ணால் மட்டும் வையுங்கள்: 007-012 என்றால் ஏழாம் இதழின் பன்னிரண்டாம் படம். முன்னட்டையை 001 ஆக எடுங்கள். அச்சிட்ட பக்க எண்ணைப் பெயரில் போட்டால் எண்ணில்லாத பக்கங்களில் குழம்புவீர்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். மூன்று பிரதி வைத்து, அதில் ஒன்றாவது வேறு மாவட்டத்தில் இருக்கட்டும்.

பழைய கணினிக் கோப்புகள் அகப்பட்டால் அவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அழித்துவிடாமல் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். ஆனால் அச்சான இதழோடு ஒப்பிடாமல் அதை மேற்கோள் காட்டாதீர்கள். கடைசித் திருத்தம் கோப்பில் இருக்காது.

எழுதுதல், வெளியிடுதல்

அட்டவணை முடிந்தால் எழுதுவது பாதி முடிந்த மாதிரி. பிறந்த கதையில் தொடங்கி நின்ற கதையில் முடிக்கும் பழக்கத்தை விடலாம். சஞ்சிகை தன்னை மாற்றிக்கொண்ட இதழ் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்: அச்சகம் மாறிய இதழ், ஊர் மாறிய இதழ், முதன்முதலில் பெண் ஒருவர் தலையங்கம் எழுதிய இதழ். உள்ளடக்கத்தைப் பற்றி "தரமான படைப்புகள் வெளிவந்தன" என்று எழுதுவதற்குப் பதில் எண்ணிச் சொல்லுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள், அதில் ஒருமுறை மட்டும் எழுதியவர் எத்தனை, மொழிபெயர்ப்பு எத்தனை, எந்த மொழியிலிருந்து, வேறு இதழிலிருந்து மறுபிரசுரம் எத்தனை. கவிதை கூடிச் சிறுகதை குறைந்த இதழ்களைக் கண்டால் பக்க எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். தாள் குறைந்தபோது கவிதை கூடியிருக்கக்கூடும்.

படைப்புகளை மீளப் பதிப்பிப்பதாக இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 வருடமும். எழுதியவர் இன்னார் என்று வெளிப்படாத புனைபெயர்ப் படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 70 வருடம். அதாவது உங்கள் சஞ்சிகையில் வந்தது எல்லாமே இன்னும் உரிமைக்குள்தான். ஆசிரியரின் அனுமதி மட்டும் போதாது. எழுதியவர் அல்லது வாரிசு ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். கிடைக்காதவர்களுக்கு எப்படித் தேடினீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

நூலாகக் கொண்டுவந்தால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐஎஸ்பிஎன் எண் எடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பொது நூலகங்களுக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் பிரதியை நேரில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முழு இதழ் அட்டவணையையும் பின்னிணைப்பாகச் சேருங்கள். பக்கம் கூடுகிறது என்று பதிப்பாளர் முதலில் வெட்டச் சொல்வது அதைத்தான், விட்டுக்கொடுக்காதீர்கள். கிடைக்காத இதழ்களுக்கும் அதில் வெற்று வரிசை விடுங்கள். கடைசிப் பக்கத்தில் அந்த எண்களை மட்டும் தனியாகப் பெரிய எழுத்தில் போட்டு, வைத்திருப்பவர்கள் அறிவிக்க ஒரு முகவரியும் கொடுங்கள்.